அடுப்புக்கும் சிங்க்குக்கும் நடுவே இரண்டடி

சிறு வீடுகள் கட்டித் தரும் பொறியாளர்களுக்கும், மேஸ்திரிகளுக்கும், தச்சர்களுக்கும், வாடகைக்கு விடுவதற்காக வீடு கட்டும் உரிமையாளர்களுக்கும்,



என் இடது பாதத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது. 2009-ல் வந்தது. அப்போது நாங்கள் குடியிருந்த வீட்டில் அடுப்பு மேடை கிழக்குச் சுவரில். சிங்க் எதிர்ச்சுவரில், வாசலை ஒட்டி. கதவு உள்பக்கமாகத் திறக்கும். சோறு வெந்ததும் கொதிக்கும் பானையைத் துணியால் பிடித்துத் தூக்கி, திரும்பி, நாலு எட்டு நடந்துபோய் வடிக்க வேண்டும். ஒருநாள் காலை அப்படித் திரும்பியபோது பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய என் மகள் சாப்பாட்டு டப்பாவைக் கேட்டுக்கொண்டே கதவைத் தள்ளினாள். கதவு என் முழங்கையில் இடித்தது. குழந்தை மேல் பட்டுவிடக் கூடாதே என்று பானையை என் பக்கம் சாய்த்தேன். கஞ்சி முழுக்க என் காலில் கொட்டியது.

அந்த வீட்டைக் கட்டியவர் யாரென்று எனக்குத் தெரியாது. வேண்டுமென்று யாரும் அப்படிக் கட்டவில்லை என்பது தெரியும். பிளானில் அடுப்பு இருந்தது, சிங்க் இருந்தது, கதவும் இருந்தது. இந்த மூன்றுக்கும் நடுவே ஒருத்தி தினமும் கொதிக்கும் பானையோடு நடப்பாள் என்பது மட்டும் அதில் இல்லை. உங்களோடு உட்கார்ந்து இதைப் பேச எனக்கு ஒருதடவைகூட வாய்ப்பு அமையவில்லை. நான் பால் காய்ச்சும் நாளில் நீங்கள் அடுத்த கட்டடத்துக்குப் போயிருப்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

இருபத்து நாலு வருடங்களில் சென்னையில் ஐந்து வாடகை வீடுகளில் சமைத்திருக்கிறேன். இப்போது மேற்கு மாம்பலத்தில் இருக்கிறோம். சமையலறை ஒன்பதடிக்கு ஆறடி, அதாவது 54 சதுர அடி. சாப்பிடத் தனியிடம் உள்ள வீட்டில் சமையலறை 5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, அகலம் 1.8 மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. என் சமையலறை ஏறக்குறைய அந்த அளவுதான். விதியை மீறினீர்கள் என்று உங்களைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. இஞ்சு டேப்பை எடுத்து மேடையை அளந்து பாருங்கள் என்று கேட்க வந்திருக்கிறேன்.

மேடையின் நீளம் 72 அங்குலம். இரண்டு பர்னர் அடுப்பு 28 அங்குலம் எடுத்துக்கொள்கிறது. சிங்க் 24. மிக்சியும் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவியும் சேர்ந்து 11. மிச்சம் 9 அங்குலம். அதில் ஒரு சாப்பாட்டுத் தட்டை முழுதாக வைக்க முடியாது. அந்த 9 அங்குலத்தில்தான் நான் வெங்காயம் நறுக்க வேண்டும், தேங்காய் துருவ வேண்டும், சப்பாத்தி தேய்க்க வேண்டும், இறக்கிய குக்கரை வைக்க வேண்டும், நாலு பேருக்கு டப்பா கட்ட வேண்டும். குக்கரைத் தரையில் வைக்கிறேன். சூடான தோசைக்கல்லும் தரையில்தான். தவழும் குழந்தை உள்ள வீட்டில் இது என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

"சிட்டியில இடம் எங்கம்மா இருக்கு?" என்பீர்கள். இடம் கேட்டு நான் எழுதவில்லை. சதுர அடி என்ன விலை என்று எனக்கும் தெரியும், மாதா மாதம் வாடகையில் கொடுக்கிறேன். இருக்கிற 54 சதுர அடிக்குள் வேலை செய்யும் கல் எங்கே போயிற்று என்பதுதான் என் கேள்வி.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் பாட்டி வீட்டில் சமையலறை இதைவிடப் பெரிதில்லை. ஆனால் அடுப்பு தரையில் இருந்தது. அரிவாள்மணை தரையில், அம்மி தரையில், ஆட்டுக்கல் மூலையில். பாட்டி முறத்தை ஒரு பக்கம் வைத்து, கீரையை ஒரு பக்கம் பரப்பி, இறக்கிய வெண்கலப் பானையை இன்னொரு பக்கம் தள்ளிவிட்டு நடுவில் உட்கார்ந்திருப்பாள். தரை முழுவதுமே அவளுக்கு மேடை. புகையும் முட்டி வலியும் அவளோடு போகட்டும், அந்தக் காலத்துக்கு யாரையும் நான் திரும்பக் கூப்பிடவில்லை. பிறகு கேஸ் வந்தது. அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. அதனால் அடுப்பு மேடைக்கு ஏறியது, அதோடு நாங்களும் எழுந்து நின்றோம். எழுந்து நின்ற அன்றைக்குத் தரை முழுவதும் கையை விட்டுப் போனது. பதிலுக்குக் கிடைத்தது இரண்டடி ஆழத்தில் ஒரு கடப்பாக் கல்.

அந்தக் கல்லின் மேல்தான் அதற்குப் பிறகு வந்த அத்தனையும் ஏறி உட்கார்ந்தன. மிக்சி, டேபிள் டாப் கிரைண்டர், குடிநீர்க் கருவி, இண்டக்ஷன் அடுப்பு. 2011-ல் தமிழ்நாடு அரசு விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் கொடுக்கத் தொடங்கியபோது, அம்மியும் ஆட்டுக்கல்லும் மட்டுமே இருந்த வீடுகளுக்கும் அவை போய்ச் சேர்ந்தன. எத்தனை பெண்களின் தோள்வலி அதனால் குறைந்தது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பொருட்கள் கூடிக்கொண்டே போக, நீங்கள் கட்டும் மேடை மட்டும் ஒற்றை அடுப்புக் காலத்து அளவிலேயே நின்றுவிட்டது.

உங்கள் வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். சாயங்காலம் வீட்டுப் பெண்கள் ஹாலில் நியூஸ் பேப்பரை விரித்து, கால் நீட்டி உட்கார்ந்து பீன்ஸ் நறுக்குவார்கள். சீரியல் பார்த்துக்கொண்டே நறுக்க வருகிறார்கள் என்று நினைத்திருப்பீர்கள். சமையலறையில் பலகையை வைக்க இடமில்லாமல் வருகிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டில் இரண்டு லட்ச ரூபாய்க்குமேல் செலவழித்து மாடுலர் கிச்சன் போட்டார்கள். நாலு சுவரிலும் பளபளவென்று கதவுகள். போன வாரம் ஒரு கிண்ணம் சர்க்கரைக்காகப் போனேன். அந்த அக்கா ஹால் தரையில் உட்கார்ந்து சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பணத்துக்கும் பொருளை ஒளித்துவைக்க இடம் கிடைத்ததே தவிர, மாவு தேய்க்க இரண்டடி கிடைக்கவில்லை.

தச்சர்களே, உங்களிடம் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். கதவுக்கு இத்தனை சதுர அடி என்று கணக்குப் போட்டுக் கூலி வாங்குகிறீர்கள். வெறும் கல்லுக்கு யாரும் கூலி தருவதில்லை. அதனால் காலியாக இருக்கும் இடமெல்லாம் உங்கள் கண்ணுக்கு அலமாரி ஆகிவிடுகிறது. சமைப்பவளுக்குக் காலியிடம்தான் பெரிய வசதி. முதலில் அதை ஒதுக்கிவிட்டு மற்றதை நிரப்புங்கள்.

சின்னச் சமையலறையை யோசித்துக் கட்டலாம் என்பதற்கு நூறு வருடம் பழைய உதாரணம் இருக்கிறது. முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் கடும் வீட்டுப் பஞ்சம். பிராங்க்பர்ட் நகரத்தில் எர்ன்ஸ்ட் மே என்பவர் தலைமையில் ஆயிரக்கணக்கில் சிறு வீடுகள் கட்டினார்கள். அந்த வீடுகளுக்கான சமையலறையை 1926-ல் வடிவமைத்தவர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி. ஆஸ்திரியாவின் முதல் பெண் கட்டடக் கலைஞர்களில் ஒருவர். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். நம் கணக்கில் எழுபது சதுர அடி. ரயிலில் சாப்பாடு தயாரிக்கும் பெட்டியில் அவ்வளவு குறுகிய இடத்தில் எப்படி அத்தனை பேருக்குச் சமைக்கிறார்கள் என்று பார்த்தார். சமைக்கிறவள் எத்தனை எட்டு நடக்கிறாள் என்று கணக்கெடுத்தார். சன்னலுக்கு நேராக வெளிச்சத்தில் வேலை மேடை, உட்கார்ந்து நறுக்கச் சுழலும் முக்காலி, காய்கறித் தோலைத் தள்ளிவிட மேடையிலேயே ஒரு வாய், பருப்பையும் மாவையும் அப்படியே சாய்த்துக் கொட்டலாம்படி பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள். இந்தச் சமையலறை சுமார் பத்தாயிரம் வீடுகளில் போடப்பட்டது. அதில் குறைகளும் இருந்தன. ஒருவர் மட்டுமே நிற்க முடியும், குழந்தை கண்ணில் படாது என்று அங்கே குடியிருந்த பெண்கள் சொன்னார்கள். அந்த வடிவத்தை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. இட்லிக் கொப்பரையும் கிரைண்டரும் அதில் ஏறாது. அவர் செய்த முதல் காரியத்தை மட்டும் நீங்களும் செய்யுங்கள் என்கிறேன். கோடு போடுவதற்கு முன்னால், வேலை எப்படி நடக்கிறது என்று நின்று பார்த்தார்.

பார்த்தால் முதலில் தெரிவது உயரம். உங்களில் பெரும்பாலானவர்கள் மேடையை இரண்டே முக்கால் அடியில், ஒரே மட்டத்தில் போட்டுவிடுகிறீர்கள். நான் ஐந்தடி. நம் நாட்டுப் பெண்களின் சராசரி உயரமும் கிட்டத்தட்ட அதுதான். எனக்கு நின்றால் முழங்கை சுமார் 37 அங்குலத்தில் இருக்கும். நறுக்குவதற்கு முழங்கையைவிட நாலு அங்குலம் தாழ்ந்த மேடை சுகம். அந்தக் கணக்கில் உங்கள் 33 அங்குலம் சரி. ஆனால் அதே மேடையில் அடுப்பை வைத்தால் நாலைந்து அங்குலம் ஏறுகிறது. அதன் மேல் குக்கர் எட்டு அங்குலம். பாத்திரத்தின் வாய் 46 அங்குலத்துக்குப் போய்விடுகிறது. கேசரி கிண்டும்போதெல்லாம் தோளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். பொங்கலன்று பெரிய பானைக்குள் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கப் பலகை போட்டு ஏறுகிறேன். சிங்க்கிலோ தலைகீழ். பாத்திரம் தொட்டியின் அடியில் கிடக்கும், மேடையைவிட எட்டு அங்குலம் கீழே. அங்கே குனிந்து நிற்கிறேன். ஒரே காலையில் தோளும் போகிறது, இடுப்பும் போகிறது. எலும்பு டாக்டர் எனக்குக் கால்சியம் எழுதிக் கொடுத்தார். மேடைக்கு மாத்திரை இல்லை.

இதற்குச் செலவு என்ன? அடுப்பு வைக்கும் பகுதியை நாலைந்து அங்குலம் இறக்குங்கள். சிங்க் பகுதியை இரண்டு மூன்று அங்குலம் ஏற்றுங்கள். நடுவே நறுக்கும் கல் இப்போது இருக்கும் உயரத்திலேயே இருக்கட்டும். மேஸ்திரி அண்ணன்களுக்கு இது ஒரு வரிசைச் செங்கல் கூட, ஒரு வரிசை குறைய. அவ்வளவுதான். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: இறக்கிய மேடைக்கு அடியில் சிலிண்டரை நுழைக்காதீர்கள். சிலிண்டரே இரண்டடிக்குமேல், ரெகுலேட்டரும் ட்யூபும் அதற்கு மேல். நறுக்கும் கல்லுக்கு அடியில் அதற்கு இடம் விடுங்கள். நிறைந்த சிலிண்டர் முப்பது கிலோ கனம். அதைச் சாய்த்து உருட்டி வெளியே எடுக்க வழி இருக்க வேண்டும். அலமாரிக் கதவு போட்டு மூடினால் தரை மட்டத்தில் காற்றுத் துளை வையுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழேதான் தேங்கும். அழகுக்காக அந்தத் துளையை அடைத்துவிட்ட இரண்டு வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வாஸ்து இடம் கொடுக்காது என்று சிலர் சொல்வீர்கள். நான் வாஸ்துவை மதிக்கும் வீட்டில் வளர்ந்தவள். அடுப்பு அக்னி மூலையில், கிழக்குப் பார்த்துச் சமைக்க வேண்டும், தண்ணீர் ஈசானியத்தில். அப்படியென்றால் கிழக்குச் சுவரின் தென்கோடியில் அடுப்பு, வடகோடியில் சிங்க். இரண்டும் ஒரே சுவரில் வந்துவிட்டன, நடுவில் கல் தானாகவே அமைகிறது. என் 72 அங்குல மேடையில் அடுப்புக்கு 28, சிங்க்கைச் சின்னதாக்கி 20 என்று வைத்தால் நடுவே 24 கிடைக்கிறது. முழு இரண்டடி! பெரிய அண்டா குண்டானை வெளிக்குழாயில் கழுவிக்கொள்கிறோம், அது மாதத்தில் ஒருநாள். தினமும் மூன்று வேளை நிற்கும் இடத்தை அதற்காக விட்டுக்கொடுக்க முடியாது. வடிப்பதற்கும் பானையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம், கல்லின் மேலேயே நகர்த்திப் போய்ச் சாய்த்துவிடலாம். 2009-ல் எனக்கு இப்படி ஒரு மேடை இருந்திருந்தால் என் காலில் கஞ்சி கொட்டியிருக்காது.

அப்போது மிக்சியும் மற்றதும் எங்கே போகும்? எதிர்ச்சுவருக்கு. அங்கே ஒன்றேகாலடி ஆழத்தில் ஒரு பலகைக் கல் போதும். கிரைண்டரை மட்டும் மேடை உயரத்தில் வைக்கச் சொல்லாதீர்கள். பத்து கிலோவுக்கு மேல் கனம். மாவு வழிக்கக் கை உள்ளே போக வேண்டும். முட்டி உயரத்தில் திறந்த ஒரு தட்டு, அதன் பக்கத்திலேயே பிளக் பாயிண்ட், அந்த இடத்தை விட்டு அது நகரவே கூடாது. தூக்கி வைத்து எடுப்பதற்குப் பயந்துதான் நிறைய வீடுகளில் கிரைண்டர் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது, மாவு கடையில் பாக்கெட்டில் வருகிறது. பாயிண்ட் பற்றி ஒரே வரி: பூச்சுக்கு முன்னால் ஐந்தாறு இடத்தில் பைப் இழுத்துவிடுங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு சுவரை உடைத்தால் செலவு யாருக்கு, உங்களுக்கே தெரியும்.

இனி, பொருள் வைக்கும் இடம். இதைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

எல்லாச் சமையலறையிலும் ஏழடிக்கு மேலே சுற்றிப் பரண் போட்டுக் கொடுக்கிறீர்கள். நான் கையை நீட்டினால் ஆறேகால் அடி வரை எட்டும். அதற்கு மேலே உள்ளதெல்லாம் ஸ்டூல் போட்டு ஏற வேண்டிய இடம். பரணில் என்ன இருக்கிறது தெரியுமா? கல்யாணச் சீர்ப் பித்தளைக் குடம், போன தீபாவளிக்கு இறக்கிய முறுக்கு அச்சு, ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டி. அவற்றுக்கு ஒரு சுவர்ப் பரண் போதும். மற்ற சுவர்களில் அந்தக் கான்கிரீட்டையும் கூலியையும் மிச்சப்படுத்தி, கண்ணுக்கும் இடுப்புக்கும் நடுவே எனக்கு அலமாரி போட்டுத் தாருங்கள். கை தானாகப் போகும் இடம் அதுதான். அங்கே நீங்கள் டைல்ஸில் பழக்கூடைப் படம் ஒட்டியிருக்கிறீர்கள்.

அந்த அலமாரி ஆழமாக இருக்க வேண்டியதே இல்லை. ஆறு அங்குலம் போதும். ஒரு எவர்சில்வர் சம்படத்தின் அகலம். ஒரே வரிசையாக வைத்தால் துவரம்பருப்பு எங்கே, ரவை எங்கே என்று நின்ற இடத்திலிருந்தே தெரியும். இரண்டடி ஆழத்தில் போட்டால் முன்வரிசைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. போன வருடம் வீடு ஒழித்தபோது மேடைக்கு அடியில் பின்வரிசையிலிருந்து மூன்று பாக்கெட் கடலைமாவு எடுத்தேன், மூன்றிலும் வண்டு. இருப்பது தெரியாமல் மறுபடி மறுபடி வாங்கியிருக்கிறேன்.

ஆறு அங்குல அலமாரிக்கு இடமா இல்லை? கதவுக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பாருங்கள். கதவு திறந்து சாய்வதற்காகவே இரண்டரை அடி அகலச் சுவர் தரையிலிருந்து மேல் வரை சும்மா கிடக்கிறது. சமையலறைக்கு உள்பக்கம் திறக்கும் கதவு வேண்டாம். வெளிப்பக்கம் திறக்கட்டும், இல்லை தள்ளுகதவாக இருக்கட்டும், இல்லை வெறும் நிலை மட்டும் போதும். அந்தச் சுவரில் ஆறடி உயரத்துக்குத் தட்டுகள் அடித்தால் ஒரு மாத மளிகை முழுவதும் ஒரே வரிசையில் நின்றுவிடும். வெளிச்சுவர் ஒன்பது அங்குலக் கனம் என்றால் நாலரை அங்குலம் உள்வாங்கி ஒரு மாடம் வையுங்கள். உங்கள் அப்பா தாத்தா காலத்துக் கொத்தனார்கள் விளக்கு மாடம் வைத்தது போலத்தான். எண்ணெய் பாட்டிலும் உப்பு ஜாடியும் அதில் ஏறிவிட்டால் மேடையில் அந்த இடம் காலியாகிறது.

அஞ்சறைப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். கடுகு, சீரகம், மிளகு, வெந்தயம், உளுந்து. ஒரு மூடியைத் திறந்தால் அத்தனையும் கண்முன்னே. எண்ணெய் காய்ந்த பிறகு தேட நேரமில்லை என்று தெரிந்த யாரோ செய்தது அது. இடம் உள்ளங்கை இரண்டு அளவு, ஒன்றை எடுக்க இன்னொன்றை நகர்த்த வேண்டியதில்லை. நீங்கள் கட்டும் அலமாரிகளிலிருந்து நான் எதிர்பார்ப்பது இந்த ஒரே ஒரு குணம்தான்.

மேடைக்கு அடியிலும் அப்படித்தான். அங்கே இரண்டடி ஆழம் தவிர்க்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். முடிந்தவர்களுக்கு இழுப்பறை போடுங்கள், பின்னால் உள்ளது முன்னால் வரும். முடியாதவர்களுக்குக் கடப்பாக் கல் தட்டு போடும்போது நடுத்தட்டை ஒன்றேகாலடி ஆழத்தோடு நிறுத்துங்கள். குனிந்து பார்த்தால் கீழ்த்தட்டில் இருக்கும் பொருள் வெளிச்சத்தில் தெரியும், கையை விட்டுத் தூக்கவும் முடியும். அரிசிச் சிப்பம் 25 கிலோ. அதற்குத் தரையிலிருந்து நாலு அங்குலம் உயர்த்திய ஒரு திட்டு வேண்டும். ஈரத்தரையில் வைத்தால் மழைக்காலத்தில் அடி அரிசி கட்டி தட்டிவிடுகிறது.

கழுவிய பாத்திரம் இன்னொரு பாடு. சிங்க் ஒரு பக்கம், தட்டு ஸ்டாண்டு வேறு சுவரில் என்று ஆணி அடித்துக் கொடுக்கிறீர்கள். கழுவிய தட்டிலிருந்து தண்ணீர் வழி முழுக்கச் சொட்டுகிறது. சொட்டக் கூடாதென்று ஒரு கூடையில் கவிழ்த்தால், அந்தக் கூடை என் 9 அங்குலத்தைப் பிடித்துக்கொள்கிறது. பின்லாந்தில் மைஜு கெப்ஹார்ட் என்ற பெண்மணி 1940-களில் சிங்க்குக்கு நேர்மேலே, அடிப்பலகை இல்லாமல், கம்பித் தட்டுகள் வைத்த அலமாரியைக் கொண்டுவந்தார். தண்ணீர் நேராகச் சிங்க்கிலேயே விழும், காய்ந்த தட்டு அங்கேயே இருக்கும். இன்றைக்கும் அந்த நாட்டு வீடுகளில் அது சாதாரணம். நம்மிடம் எவர்சில்வர் ஸ்டாண்டு ஏற்கெனவே இருக்கிறது. சுவரை மட்டும் மாற்றி, சிங்க்குக்கு மேலே அடியுங்கள்.

விளக்கு பற்றியும் சொல்லிவிடுகிறேன். ட்யூப்லைட்டை எதிர்ச்சுவரில், என் முதுகுக்குப் பின்னால் மாட்டுகிறீர்கள். என் நிழலிலேயே நான் கத்தியைப் பிடிக்கிறேன். மேடைக்கு நேர்மேலே ஒரு சின்ன விளக்குக்கு வயர் விடுங்கள்.

இதில் எதையும் சதுர அடி கூட்டிக் கேட்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? ஒரு வரிசைச் செங்கல், ஐந்தாறு பைப், ஒரு கதவின் திசை, மூன்று பரண்களுக்குப் பதில் ஒன்று. எல்லாமே கல் ஏறுவதற்கு முன்னால் சொன்னால் செலவில்லாதது, ஏறிய பின்னால் சொன்னால் முடியாதது. அந்த "முன்னால்" என்ற நேரத்தில் நாங்கள் அங்கே இருப்பதில்லை. பிளான் பேசும்போது வீட்டு ஆண்கள் வந்து நிற்கிறார்கள். பூஜையறை எங்கே, பைக் எங்கே நிறுத்துவது, படி எந்தப் பக்கம் என்று மணிக்கணக்கில் பேச்சு நடக்கிறது. சமையலறைக்கு வந்ததும் "மேடை எந்தக் கலர் கிரானைட்?" என்பதோடு முடிகிறது. நிறத்தை எங்களிடம் கேட்கிறீர்கள், அளவைக் கேட்பதில்லை.

உரிமையாளர்களே, வாடகைக்கு விடும் வீட்டில் யார் வந்து சமைப்பார் என்று தெரியாதே என்பீர்கள். உண்மைதான். ஆனால் உங்கள் வீட்டிலும் ஒருவர் சமைக்கிறார். உங்கள் அம்மா, மனைவி, மகள், அல்லது வேலைக்கு வரும் அக்கா. சமைக்கிறவர் ஆணென்றால் அவரே வரட்டும். கட்டி முடியாத அந்தச் சமையலறைக்குள் அவரை ஒருதடவை அழைத்துப் போங்கள். அரைமணி நேரம் போதும்.

மேஸ்திரி அண்ணன்களே, அவர் வரும் அன்று சுண்ணாம்புக் கட்டி ஒன்று வைத்திருங்கள். மேடைக்குச் சுவர் எழுப்பும் முன் சுவரில் மூன்று கோடு போடுங்கள்: அடுப்பு மட்டம், நறுக்கும் மட்டம், சிங்க் மட்டம். அவரை அதன் முன்னால் நிற்கச் சொல்லுங்கள். காலி குக்கர் ஒன்றைக் கையில் கொடுத்து, அடுப்பிலிருந்து இறக்குவது போலவும், வடிப்பது போலவும், திரும்புவது போலவும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். கை எங்கே இடிக்கிறது, தோள் எங்கே தூக்குகிறது என்று அவரே சொல்வார். கோட்டை அழித்து மறுபடி போடுங்கள். அடுப்புக்கும் சிங்க்குக்கும் நடுவே டேப்பைப் பிடித்து இரண்டடி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றைக்குக் கல்லை ஏற்றாதீர்கள்.

இப்படிக்கு,
மேற்கு மாம்பலத்தில் வாடகை வீட்டில் சமைக்கும் ஒருத்தி